அண்ணி நல்லா இருக்காங்களா

என் மனைவி செப்டம்பரில் இறந்துபோனாள். கல்வராயன் மலையில் மட்டும் அவளை டிசம்பர் வரைக்கும் நான் உயிரோடு வைத்திருந்தேன். கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போய், அதற்கும் மேலே தார் ரோடு முடிகிற ஊர் வரைக்கும் போகும் அரசு பஸ்ஸில் நான் கண்டக்டர். பல வருஷமாக அதே தடம். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. படியில் தொங்குகிறவனைத் திட்டுவேன். மரவள்ளிக்கிழங்கு மூட்டையை நடுவழியில் போடுகிறவர்களைத் திட்டுவேன். திட்டிக்கொண்டே அந்த மூட்டையை இழுத்து சீட்டுக்கு அடியில் தள்ளியும் விடுவேன். மலைக்காரர்களுக்கு என் சத்தம் பழகிவிட்டது. ஒருநாள் தொண்டை கட்டிப்போய் நான் பேசாமல் நின்றபோது, உடம்புக்கு என்ன என்று பஸ்ஸே கூடி விசாரித்தது.

என் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் ஒரு மெஷின், அதற்கு மேலே ஒரு பல்பு, அவ்வளவுதான் அவளுடைய கடை. மலையில் கடைசி ஊரைச் சேர்ந்த ஒரு அம்மா இருக்கிறாள். வெள்ளிமலைச் சந்தியில் காய் விற்கிறவள், அநேகமாகத் தினமும் என் பஸ்ஸில்தான் போய் வருவாள். என்னைவிட வயதில் சின்னவள் என்பதால் அண்ணா என்று கூப்பிடுவாள். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் கேட்டாள்.

“டவுன்ல ரவிக்க நல்லா தெக்கிறவங்க யாருன்னா இருக்காங்களாண்ணா? இங்க தெச்சா கை இறுக்குது.”

“எங்க வூட்லயே ஒருத்தி இருக்கா. துணியக் குடு,” என்றேன்.

அப்படி ஆரம்பித்தது. மஞ்சள் பையில் புதுத்துணியும் அளவுக்கு ஒரு பழைய ரவிக்கையும் கீழே வரும். தைத்தது அதே பையில் மேலே போகும். ஒருத்தி சொல்லி இன்னொருத்தி என்று, வெள்ளிமலைக்கு மேலே இருக்கிற பெண்களில் பாதிப் பேர் என் மனைவி தைத்ததைத்தான் போட்டுக்கொண்டார்கள். பதிலுக்குச் சாமை வரும், மொச்சை வரும். சீசனில் பலாப்பழம் வந்து என் சீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னை நிற்க வைக்கும். நான் அண்ணன் என்றால் என் மனைவி அண்ணிதானே. பஸ் ஏறியதும் முதல் பேச்சே ‘அண்ணி நல்லா இருக்காங்களா’ என்பதுதான். டிக்கெட் எல்லாம் அப்புறம்.

இத்தனைக்கும் அந்த அண்ணியை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு மலை ரோடு ஆகாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை அழைத்துப் போனேன். கோமுகி அணை தாண்டி நாலு வளைவு போவதற்குள் வாந்தி எடுத்து, எதிரே வந்த பஸ்ஸில் ஏறிக் கீழே போய்விட்டாள். அதற்கப்புறம் எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

“நான் தெனம் போய் வரேன், எனக்கு ஒண்ணும் ஆகல. உனக்கு மட்டும் இன்னா?” என்று கிண்டல் செய்வேன்.

“நீங்க வாந்தி எடுக்காம இருக்கறதுக்கு கவர்மெண்டு சம்பளம் குடுக்குது. எனக்கு யாரு குடுக்கறா?” என்பாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கிறிஸ்துமஸ் வந்தால், ரெண்டு பேருக்கு எதற்குப் பலகாரம் என்று நான் சொல்லுவேன். அவள் காதிலேயே வாங்காமல் பெரிய டின் நிறைய முறுக்கு சுடுவாள். தெருவுக்கு நாலு தட்டு போகும், மீதி மொத்தமும் மலைக்கு. பண்டிகைக்கு மறுநாள் நான் டூட்டிக்குப் போகும்போது அந்த டின்னும் கூட வரும்.

முறுக்கைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். அவள் நல்ல தையல்காரி. முறுக்கு விஷயத்தில் அவளை நல்லவள் என்று சொல்ல என் மனசாட்சி இடம் தராது. எண்ணெயில் போட்டுவிட்டுக் கை வேலையை முடிக்க மெஷினுக்குப் போய்விடுவாள். ஞாபகம் வந்து திரும்பும்போது முறுக்கு கறுத்திருக்கும். ஓமம் வேறு கைக்கு வந்தபடி. கல் மாதிரி இருக்கும். டின்னைத் திறந்து நான் கொடுத்துக்கொண்டே போனால் முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரைக்கும் கடக் முடக் என்று கேட்கும். இன்ஜினில்தான் ஏதோ கோளாறு என்று டிரைவர் ஒருதரம் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். மலைக்காரர்கள் ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. அதனால் அவளும் கடைசி வரைக்கும் திருந்தவில்லை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். முதலில் நன்றாகப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். மலைத் துணி மூணு மெஷினுக்கு அடியில் இருக்கு, யாருது எதுன்னு மாத்திக் குடுத்துடாதீங்க என்றாள். அப்புறம் கிட்னி வேலை செய்யவில்லை என்றார்கள். அந்த வாரத்திலேயே எல்லாம் முடிந்தது. மழை ஈரத்தில் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்தோம்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களைக் குறை சொல்லக் கூடாது. எனக்கு எரிச்சலாக வந்தது. கடவுளுக்குப் பிடித்தவர்களை அவர் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். அப்ப என்னை அவருக்குப் பிடிக்கலையா என்று கேட்டுவிட்டேன். அவர் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். டீக்கடை, ரேஷன் கடை, கோயில் வாசல் என்று எங்கே போனாலும் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். சிரித்துக்கொண்டிருந்த முகமெல்லாம் அவசர அவசரமாகச் சோகமாகும். அவர்களும் பாவம், வேறு என்ன செய்வார்கள்? ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை முகத்தைத்தான் அப்படிப் பார்ப்பது. என் வீட்டில் இருந்த வெறுமையைவிட அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

லீவு முடிந்து டூட்டிக்குத் திரும்பிய அன்று, மதியத்துக்கு மேல் வெள்ளிமலையில் அந்த அம்மா காலிக் கூடையோடு ஏறினாள்.

“அண்ணி நல்லா இருக்காங்களாண்ணா?”

“நல்லா இருக்கா,” என்றேன்.

வருஷக்கணக்காகச் சொன்ன பதில், வாய் அதன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. திருத்திச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவள் முகம் மாறவே இல்லை. சரிண்ணா என்று சன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த பஸ்ஸில் நான் பெண்டாட்டி செத்தவன் இல்லை, எப்போதும்போலக் கத்துகிற கண்டக்டர். அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. பின்னால் போய்ப் படியில் நின்றவனைப் பலமாகத் திட்டினேன்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். மற்றப் பெண்களும் கேட்டார்கள். பதில் நீண்டுகொண்டே போனது.

“இன்னா பண்றாங்க அண்ணி?”

“தெச்சுக்கினுதான் இருக்கா. ஊசில நூல் கோக்க கண்ணு தெரியலன்றா.”

“கண்ணாடி வாங்கிக் குடுக்கறதுதானே?”

“வாங்கிக் குடுத்தா போடணுமே. மூக்கு நோவுதாம்.”

இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. ஆனால் அவள் இருந்திருந்தால் இப்படித்தான் நடந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பஸ் மலை ஏற ஏற மனசு லேசாகும். சாயங்காலம் இறங்கும்போது, அணைத் தண்ணீர் கண்ணில் பட்டதும் எனக்கு வயிறு புரட்டும். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது அவள் மறுபடியும் செத்துப்போயிருப்பாள்.

மெஷினுக்கு அடியில் இருந்த மூன்று துணியையும் கடைவீதியில் ஒரு தையல்காரரிடம் கொடுத்துத் தைத்து வாங்கி, அவள் தைத்ததாகவே மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். நல்லா இருக்கு என்றார்கள். அதற்கப்புறம் புதுத்துணி எதுவும் வரவில்லை. சாமை அறுப்பு நேரம், ரவிக்கைக்கு யாருக்கு நேரம் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டிரைவர் என்னைவிட மூத்தவர். என் மனைவியின் குழிக்கு ஒரு பிடி மண் போட்டவர். நான் பேசுவதெல்லாம் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. கண்ணாடி வழியாக ஒருநாள் என்னைப் பார்த்தார், அப்புறம் ரோட்டைப் பார்த்தார்.

டிசம்பர் பிறந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கியது. எலவனாசூர்கோட்டைப் பக்கம் இருக்கிற என் தங்கை போன் பண்ணி, இந்த வருஷம் அங்கே வந்துடு அண்ணா என்றாள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிறவரைக்கும் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, நீ பாட்டுக்கு எதையாவது சுட்டு வைக்காதே என்றும் சொன்னாள். எங்கள் சொந்தத்தில் வேதக்காரக் கிறிஸ்தவர்களும் அதைப் பார்ப்பார்கள். என்னமோ நான் தினம் அதிரசம் சுட்டு அடுக்குகிற ஆள் மாதிரி.

எனக்கு இருந்த கவலை வேறு. மலைக்கு இந்த வருஷம் டின் போகவில்லை என்றால் அண்ணிக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். சொன்னால் என்ன உடம்பு, எந்த ஆஸ்பத்திரி என்று வரும். நோயில் படுக்க வைத்தால் அவளை நான் இன்னொருதரம் சாக வைக்க வேண்டியிருக்கும். என்னால் அது முடியாது என்று தெரிந்தது. அவளுக்கு இந்தப் பூமியில் இனி இருக்கிற ஒரே இடம் அந்த பஸ்தான். அதுவும் போய்விட்டால் அவள் எங்கேயும் இல்லை. பைத்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

டிப்போவில் இன்னொரு கூத்து. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இன்னொரு கண்டக்டருடைய டூட்டியை நான் எடுப்பேன். கிறிஸ்துமஸுக்கு அவர் என் டூட்டியை எடுப்பார். இந்தத் தீபாவளிக்கும் அப்படித்தான் நான் போனேன். கிறிஸ்துமஸ் நெருங்கியதும், இந்த வாட்டி லீவு வேண்டாம், நானே போய்க்கிறேன் என்றேன். அவருக்கு அது பொறுக்கவில்லை.

“நல்ல நாள்ல உன்ன மல ஏத்திட்டு நான் வூட்ல உக்காந்துக்கினு இருந்தா எனக்கு சோறு எறங்குமா? கோயிலுக்குப் போ. தங்கச்சி வூட்டுக்குப் போ.”

“வேலைக்குப் போறேன்னு ஒருத்தன் கெஞ்சறான், வேணாம்னு சொல்ற டிப்போ இந்த ஒண்ணுதான்யா இருக்கும்,” என்றேன்.

அரைமனதாக விட்டுக்கொடுத்தார். எனக்கு வீட்டில் இருக்கப் பயம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பண்டிகைக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்வீட் கடையில் முறுக்கு வாங்கினேன். வெள்ளை வெளேரென்று, மெல்லிசாக, ஒரே அளவாக இருந்தது. இவ்வளவு நல்ல முறுக்கு ஆகாதே என்று கடைக்காரரிடம் சொல்ல முடியுமா? வீட்டுக்கு வந்து அவளுடைய டின்னை இறக்கி, அவள் வைக்கிற மாதிரியே அடியில் பேப்பர் போட்டு அடுக்கினேன். மூடியை அழுத்தி மூடினேன். அவள் பேரில் அதுவரை நான் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு. இப்போது சாட்சி தயாரிக்கிறேன் என்று தோன்றியது. அன்றைக்குக் கோயில் மணி அடித்தபோது ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலை டிரைவர் ஒரு பெரிய கேரியரோடு வந்தார். உங்க பண்டிகைக்கு பிரியாணிதானே வழக்கம் என்று அவர் மனைவி எழுந்து செய்து கொடுத்தார்களாம். அவர்கள் வீட்டில் மார்கழியில் கறி எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். காலை நடையில் டின்னைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. என் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது. மேலே போய் பஸ் நின்றதும் பிரியாணியைச் சாப்பிட்டேன். அவர் மோர் சோறு சாப்பிட்டார்.

மதிய நடையில் மலை ஏறும்போதே பனி இறங்க ஆரம்பித்திருந்தது. வெள்ளிமலையில் அந்த அம்மா ஏறினாள். கூட வழக்கமான ஆட்கள், முக்கால் பஸ். எல்லோரும் உட்கார்ந்தபின் அவளுக்கு டிக்கெட் அடித்துக் கொடுத்தேன்.

“அண்ணி நல்லா இருக்காங்களாண்ணா?”

“நல்லா இருக்கா. இந்தா, முறுக்கு குடுத்துவுட்டா.”

டின்னை நீட்டினேன். ஒன்றை எடுத்தாள். அவள் விரல் பட்டதுமே அது ரெண்டாக உடைந்தது. மடியில் விழுந்த தூளை அவள் பார்த்தாள். ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றாள். நான் டின்னைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றேன்.

“அண்ணி கைப்பக்குவம் அப்டியே இருக்கு,” என்றாள்.

பின்சீட்டுப் பெண் ஒருத்தி எட்டி எடுத்துக் கடித்துவிட்டு, “ஆமா, அதே ருசி,” என்றாள். நடுவழி ஓரச் சீட்டில் உட்கார்ந்திருந்த கிழவர் தலையை ஆட்டினார். ஆளுக்கு ஒன்றாக எடுத்தார்கள். பஸ்ஸில் கடக் முடக் என்ற சத்தமே இல்லை. ஒவ்வொருவரும் அந்தப் பூப்போன்ற முறுக்கைத் தின்றுகொண்டு, போன வருஷம் மாதிரியே இருக்கு என்று ஒரே வாயாகச் சொன்னார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விஷயம் தெரியாதவர்களாக இருந்தால், என்ன இந்த வாட்டி இவ்வளவு மெத்து என்று முதல் கடியிலேயே கேட்டிருப்பார்கள். சிரித்திருப்பார்கள். அண்ணி கடைசியில் முறுக்கு சுடக் கற்றுக்கொண்டாள் என்று என்னைக் கேலி செய்திருப்பார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

பஸ் வளைவில் திரும்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“இது கட முறுக்கும்மா,” என்றேன்.

அவள் கையில் மீதியிருந்த துண்டைப் பார்த்தாள்.

“தெரியும்ணா.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

நான் முறுக்கைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

“நீங்க லீவுல இருந்தப்ப வந்த கண்டக்டரு பஸ்ல சொன்னாராம். அந்த வாரம் நான் யேவாரத்துக்கே வரல. தெரியாமதான் உங்களக் கேட்டேன். நீங்க நல்லா இருக்கான்னு சொல்லிட்டீங்க. எறங்கி ஊருக்குள்ள போனப்பறம்தான் எனக்கே சொன்னாங்க.”

“அப்ப பஸ்ல இருந்தவங்க...”

“எல்லாருக்கும் தெரியும்ணா.”

அன்று எத்தனை பேர் என் பொய்யைக் கேட்டுக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அவமானமாக வர வேண்டும். வரவில்லை.

“தெரிஞ்சுக்கினே எதுக்கும்மா தெனம் கேட்ட?”

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“மறுநா கேக்கக் கூடாதுன்னுதான் ஏறினேன். டிக்கெட் குடுத்துட்டு நீங்க நவரல. என் மூஞ்சியவே பாத்துக்கினு நின்னீங்க. சரின்னு கேட்டேன். நல்லா இருக்கா, தெச்சுக்கினு இருக்கான்னீங்க. அத சொல்றப்ப உங்க மூஞ்சி பழையபடி ஆயிடுச்சு. பின்னாடி போயி ஒருத்தன திட்டனீங்க. அதான் கேட்டுக்கினே இருந்தோம்.”

“செத்துட்டாம்மா,” என்றேன்.

அந்த வார்த்தையை அதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. கீழே சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருந்தது. என் வாயால், என் காது கேட்க, அன்றைக்குத்தான் முதல்தடவை சொன்னேன். சொன்னதும் டின் கையிலிருந்து நழுவியது. யாரோ வாங்கிக் கீழே வைத்தார்கள். புதைத்த அன்றுகூட ஆட்கள் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டிருந்தவன், ஓடுகிற பஸ்ஸில் நடுவழியில் நின்று சத்தம் போட்டு அழுதேன்.

டிரைவர் வளைவு தாண்டி ரோடு அகலமாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியை மேலே திருப்பிவிட்டிருந்தார்.

எங்கள் பக்கத்துப் பழைய வழக்கத்தில் சாவு வீட்டுக்கு வருகிற ஆண்கள் எதுவும் பேச மாட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார்கள், வீட்டுக்காரன் தன் கையால் அதைத் தொடுவான். அதுதான் துக்கம் கேட்பது. அந்தக் கிழவர் முதலில் எழுந்தார். கம்பியைப் பிடிக்காமல், தடுமாறிக்கொண்டே இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் காசுக்காக மற்றவர்களிடம் கை நீட்டியே பழகியவன் நான். அவர் கையைத் தொட எனக்கு நேரம் பிடித்தது. அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார். அப்புறம் இன்னொருவர். பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே அழுதார்கள். பார்த்தே இராத ஒருத்திக்காக, தாங்கள் போட்டிருந்த ரவிக்கையைத் தைத்தவளுக்காக, குரல் எடுத்து அழுதார்கள். அந்தப் பனியில் அந்த ரோட்டில் எங்களைத் தாண்டி ஒரு வண்டியும் போகவில்லை.

மறுபடி கிளம்பியபோது நான் விசில் கொடுக்கவில்லை. டிரைவரே எடுத்தார். ஒவ்வொரு ஊரிலும் ஆட்கள் இறங்கினார்கள். வரேன் கண்டக்டரே என்று யாரும் சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் வரேன் என்று சொல்லக் கூடாது, எழுந்து பேசாமல் போக வேண்டும். அப்படித்தான் போனார்கள். அந்த அம்மாவும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பனிக்குள் நடந்தாள். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே செப்டம்பரில் ஒருதரம் அடக்கம் பண்ணினோம். மேலே கிறிஸ்துமஸ் அன்று பண்ணினார்கள்.

அன்று இரவு வீட்டுக்குப் போய் அவள் மெஷின் மீது ஒரு துணியைப் போட்டு மூடினேன். அவர்கள் எனக்குச் செய்தது என்ன என்று யோசித்தேன். ஒரு கேள்வி, அவ்வளவுதான். பஸ் ஏறும்போது நாலு வார்த்தை. பதில் பொய் என்று தெரிந்தும் அதை மூன்று மாதமாக நின்று கேட்டார்கள். சாமையோ பலாவோ கொடுத்தால் பதிலுக்கு எதையாவது அனுப்பலாம். இதற்கு நான் எதை அனுப்புவது?

மறுநாளும் எனக்கு டூட்டி. போகவே பயமாக இருந்தது. இனிமேல் மலையிலும் பேச்சு நின்றுவிடும், அங்கேயும் முகங்கள் சோகமாகும், அந்த ஒரு இடமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். காலை நடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்காமல் பஸ் கடைசி ஊர் வரைக்கும் போனது. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. படியில் ஒரு பையன் தொங்கிக்கொண்டு வந்தான். அவனைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

மதியத்துக்கு மேல் வெள்ளிமலையில் அந்த அம்மா ஏறினாள். டிக்கெட்டை அடித்து நீட்டினேன். வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் நகரவில்லை. நகர வேண்டும் என்று தெரிந்தும் நின்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“நீங்க நல்லா இருக்கீங்களாண்ணா?”

இத்தனை வருஷத்தில் பஸ் ஏறியதும் என்னைப் பற்றி அவள் கேட்டதில்லை. நல்லா இருக்கேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இல்லம்மா,” என்றேன்.

அவள் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சன்னல் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்தில் காலியான இடத்தைக் கையால் ஒருதரம் துடைத்தாள்.

“உக்காருங்க. டிக்கெட்டு அப்பறம் போடலாம்,” என்றாள்.

பயணிகள் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. அன்று உட்கார்ந்தேன். கடைசி ஊர் வரும்வரைக்கும் யாரும் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை.